பாய்லருக்குள் ஒரு வெள்ளைக்கல் மலை

என் பட்டறையில், லேத்துக்கு மேலே உள்ள பலகையில், ஒரு சின்ன மாத்திரை டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு வெள்ளைச் செதில். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடிக்கொண்டிருந்த, நானே செய்த சின்ன நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் போகவிடாமல் செய்தது இந்தச் செதில்தான்.

அன்று கரி நன்றாகப் பிடித்திருந்தது. பிரஷர் கேஜ் முள் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவில் நின்றது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பாதிக்குக் கீழே வந்ததும், வழக்கம்போலக் கை பம்பை அடித்தேன். பத்து அடி, பதினைந்து அடி. மட்டம் ஏறவில்லை. பம்பிலிருந்து பாய்லருக்குப் போகும் செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அந்தக் குழாய் சுடவே கூடாது. அதில் போவது பச்சைத் தண்ணீர்.

குழாய் பாய்லரில் சேரும் இடத்தில் ஒரு செக் வால்வு இருக்கிறது. 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குண்டு ஒன்று வட்டமான இருக்கையில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். பம்ப் தள்ளும்போது குண்டு எழும்பி வழி விடும். தள்ளுவது நின்றதும் பாய்லரின் அழுத்தமே அதை அழுத்தி மூடிவிடும். என் பம்புக்கு வெளிவால்வும் அதுதான். குண்டுக்கும் இருக்கைக்கும் நடுவே எதுவோ மாட்டிக்கொண்டால் பாய்லரின் கொதிநீர் பம்புக்கே திரும்பி வரும். நான் எத்தனை அடி அடித்தாலும் அதே தண்ணீர்தான் போய்ப் போய் வரும். குழாய் சுட்டதற்கு அதுதான் காரணம்.

அடுப்புத் தட்டின் ஊசியை இழுத்தேன். கரி மொத்தமும் கீழே மணல் தட்டில் விழுந்தது. எஞ்சினை நிறுத்தாமல், இருக்கிற ஆவி தீரும்வரை ஓடவிட்டேன். முள் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தபோதும் கண்ணாடியில் அரை அங்குலத் தண்ணீர் தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆறியதும் வால்வைக் கழற்றினால், குண்டுக்கு அடியில் இந்தச் செதில்.

தவறு என்னுடையது. அந்த வாரம் மழைநீர் டிரம் காலி. ஓட்டிப் பார்க்கும் அவசரத்தில் போர் தண்ணீரை ஊற்றினேன். அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்திருந்தேன்.

வீடு சேலத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம். பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதுதான் பட்டறை. பழைய நாலரை அடி லேத் ஒன்று, ஒரு பெஞ்ச் டிரில், ஒரு வைஸ், அரங்கள். பகலில் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு ஃபிட்டர் வேலை. கதவைத் திறந்தால் நேரே சேர்வராயன் மலை. எஞ்சின் செய்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. ஓட ஆரம்பித்து இப்போது நான்காவது வருஷம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் ஹில்குரோவ் என்றுதான் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயில் வழியில் அது ஒரு சின்ன நிலையம். பத்து வயதில் அப்பா கூட்டிப்போனார். எல்லோரும் காட்டையும் குரங்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். முதல் இரண்டில் வேலை செய்து முடித்த ஆவி வீணாகாமல் அடுத்த இரண்டுக்குப் போய், தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்வரிசையைப் பிடித்து ஏறும் பற்சக்கரங்களைச் சுற்றுகிறது. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: இவ்வளவு பெரிய இரும்பும் கொஞ்ச தூரம் ஏறியதும் தாகத்தோடு நின்றுவிடுகிறது.

சரி, என் எஞ்சினுக்கு வருகிறேன். ஒற்றைச் சிலிண்டர், செங்குத்து வகை. உள்விட்டம் 25 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 30 மி.மீ. சிலிண்டருக்கான அச்சைத் தேக்குத் துண்டில் நானே செதுக்கினேன். உருகிய கன்மெட்டல், அதாவது செம்பும் தகரமும் கலந்த உலோகம், ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சு அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். முதல் வார்ப்பில் காற்றுக்குழி விழுந்துவிட்டது. இரண்டாவது வார்ப்பு சரியாக வந்தது. உள்துளையைக் கடையும்போது கடைசி வெட்டை மட்டும் நடுவில் நிறுத்தாமல், மெல்லிய ஊட்டத்தில் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு வரி விழும். அந்த வரி வழியாக ஆவி கசியும். ஃப்ளைவீல், கிராங்க், கனெக்டிங் ராட் எல்லாம் பொறுமை கேட்கிற வேலைகளே தவிர, புதிர்கள் கிடையாது.

புதிர் ஸ்லைடு வால்வில் இருக்கிறது. தீப்பெட்டியின் உள்பெட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு சின்னத் துண்டு, மூன்று துளைகளுக்கு மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. ஓரத் துளைகள் இரண்டும் சிலிண்டரின் இரு முனைகளுக்கு, நடுத் துளை புகைபோக்கிக்கு. ஒரு ஓரத் துளைக்கு ஆவி உள்ளே போகும்போது, மற்ற துளையிலிருந்து பழைய ஆவி பெட்டியின் குழிக்குள் வந்து நடுத் துளை வழியாக வெளியேறுகிறது. இதை நகர்த்துவது எக்சென்ட்ரிக், அச்சில் மையம் விலகி உட்கார்ந்து சுற்றும் ஒரு வட்டு. அது கிராங்குக்குச் சரியாக 90 டிகிரி முந்தி இருந்தால் போதாது. இன்னும் கொஞ்சம் முந்த வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் முனையைத் தொடுவதற்குச் சற்று முன்பே துளை மயிரிழை திறந்து ஆவி காத்திருக்கும்.

இதைச் சரிசெய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மூடியைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் மேல்முனைக்கு வரும்போது துளையின் இடுக்கில் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார்ப்பேன். பிறகு கீழ்முனையில் அதே காகிதம். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் நுழைய வேண்டும். ஒரு பக்கம் தாராளமாகவும் மறுபக்கம் நுழையாமலும் இருந்தால் எஞ்சின் நொண்டும், சத்தத்திலேயே தெரியும். எனக்கு அது சரியாக வர மூன்று மாலைகள் ஆயின. நாலாவது நாள் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தேன். நாலு சுற்றுச் சுற்றி நின்றது. மனைவியை அடுக்களையிலிருந்து கூப்பிட்டு மறுபடியும் அடித்துக் காட்டினேன்.

ஆனால் எஞ்சின் என்பது பாதி வேலைதான். பாய்லர்தான் உயிர்.

100 மி.மீ. செம்புக் குழாய், 3 மி.மீ. கனம், 230 மி.மீ. உயரம். அடியில் அடுப்பறை, அங்கிருந்து மேலே போகும் ஒன்பது சின்னக் குழாய்கள் வழியாகத் தீயும் புகையும் ஏறும், சுற்றிலும் தண்ணீர். மொத்தத்தில் ஒரு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். இதன் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளிப் பற்றில்தான் ஒட்ட வேண்டும். ரேடியோவுக்கு வைக்கிற ஈயப்பற்று சுமார் 190 டிகிரியிலேயே இளகிவிடும். தண்ணீர் தீர்ந்தால் செம்பு அதைத் தாண்டிப் போய்விடும். வெள்ளிப் பற்று உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும்.

சேலத்தில் இருந்துகொண்டு வெள்ளிப் பற்றுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டுமா? செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் அறுபது வயதுக்கு மேலும் கண்ணாடி போடாமல் கொலுசு வளையங்களுக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன செம்பு உருளையைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, கீழே வைத்தார்.

"தம்பி, இது கொலுசு இல்ல. செம்பு சூட்டைக் குடிக்கும். என் ஊதுகுழாய் இதுக்குப் பத்தாது."

"அப்போ என்ன பண்றதுங்க ஐயா?"

"பெரிய பர்னர் கொண்டா. சுத்தி செங்கல் அடுக்கி, சூடு ஓடிப்போகாம கட்டு. நான் வந்து பக்கத்துல நிக்கறேன்."

சொன்னபடி ஒரு ஞாயிறு வந்தார். தீச்செங்கல் அடுக்கி, பெரிய கேஸ் பர்னர் வைத்தேன். பற்றுக்கு 45 சதவீதம் வெள்ளி உள்ள கம்பி. காட்மியம் கலந்தது உருகும்போது வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அது இல்லாததாகக் கேட்டு வாங்கினேன். மூட்டுகளை அரத்தால் தேய்த்து, ஃப்ளக்ஸ் குழைத்துப் பூசினேன். கொலுசுக்காரர்கள் வெங்காரம் என்பார்கள். வேலை அதே வேலைதான், சூட்டில் செம்பு கறுத்துப்போகாமல் காப்பது.

தீ வைத்ததும் ஃப்ளக்ஸ் முதலில் பொங்கி வெள்ளையாக நுரைத்தது. பிறகு அடங்கியது. அப்புறம் கண்ணாடி மாதிரித் தெளிந்து ஈரமாக மினுங்கியது. நான் கம்பியை நீட்டப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறு. கம்பியைத் தீயில காட்டாதே. செம்பே அதை உருக்கணும். தீ எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் வெள்ளி போகும்." செம்பு மங்கலாகச் சிவந்தது. "இப்போ தொடு." தொட்டேன். கம்பியின் நுனி அப்படியே தண்ணீராகி, ஒரு பளிச்சென்ற கோடாக மூட்டைச் சுற்றி ஓடியது. தீயை நகர்த்தினேன், வெள்ளியும் பின்னாலேயே வந்தது. மூட்டின் இடைவெளி மயிரிழை அளவுக்கு, 0.1 மி.மீ.க்குள் இருந்தால், அது தானாகவே இழுத்துக்கொண்டு மறுபக்கத்திலும் எட்டிப் பார்க்கும். பார்த்தது. அந்த வெள்ளி வளையத்தை இன்றைக்கும் டார்ச் அடித்து அவ்வப்போது பார்க்கிறேன்.

எத்தனையோ பேர் கேட்கிறார்கள், இது வெடிக்காதா என்று. நியாயமான கேள்வி. வீட்டுக் குக்கர் விசிலடிப்பது சுமார் 1 கிலோ அழுத்தத்தில்; உள்ளே 120 டிகிரி. என் பாய்லர் 3 கிலோவில் ஓடுகிறது. உள்ளே ஏறத்தாழ 143 டிகிரி. ஆபத்து ஆவியில் இருப்பதைவிட அந்தச் சூடான தண்ணீரில்தான் அதிகம். அழுத்தம் சட்டென்று இறங்கினால், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 80 கிராம் அந்த நொடியிலேயே ஆவியாகிவிடும். 80 கிராம் என்பது அரை டம்ளர்கூட இல்லை. ஆனால் ஆவியானதும் அதற்கு 130 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும்.

அதனால்தான் பாய்லரை முதலில் பச்சைத் தண்ணீரில் சோதிப்பது. ஒரு குமிழ்கூட இல்லாமல் முழுக்க நிரப்பி, எல்லா வாயையும் அடைத்து, கை பம்பால் ஓடும் அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு, அதாவது 6 கிலோவரை ஏற்றி வைப்பேன். குளிர்ந்த தண்ணீர் அமுங்காது. மூட்டு விட்டுப்போனால் ஒரு சொட்டு கசியும், முள் விழும், அவ்வளவோடு முடிந்தது. 25 லிட்டருக்குக் குறைந்தவற்றைச் சட்டம் பாய்லர் என்ற வரையறையிலேயே சேர்ப்பதில்லை. என் பாய்லரைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அந்த இன்ஸ்பெக்டர் வேலையையும் நானே பார்க்க வேண்டும். வருஷா வருஷம் வைகாசியில் பார்க்கிறேன். தேதியோடு நோட்டில் எழுதுகிறேன்.

இனி தண்ணீர். எங்கள் ஊரில் குழாயில் வரும் காவிரியை நல்ல தண்ணீர் என்போம். போரில் வருவது உப்புத் தண்ணீர். ஹீட்டர் ராடு ஒரு மாதத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளும். ஊருக்கும் ஏற்காட்டு மலைக்கும் நடுவே வெள்ளைக்கல் கரடுகள் இருக்கின்றன. மக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். வெட்டியெடுத்துச் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்கிறார்கள். அந்தப் பக்கமாக பஸ்ஸில் போகும்போது வெள்ளை வெளேரென்று வெட்டுகள் தெரியும். இந்தப் பாறைகளுக்கு இடையே கிடக்கும் தண்ணீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பாய்லரில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். கரைந்தது எல்லாம் உள்ளேயே தங்கிப் படிகிறது. குளிர்ந்த தண்ணீர் முதன்முதலில் சூடாகும் இடமான செக் வால்வில் முதலில் படிகிறது. படிந்த சுண்ணாம்பு செம்பு கடத்துவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். தீ ஒரு பக்கம் எரியும், தண்ணீர் மறுபக்கம் சும்மா இருக்கும், நடுவில் செம்பு காயும். மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்லருக்குள் கொண்டுவந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாசிக்குப் பிறகு 50 கிராம் சிட்ரிக் ஆசிட்டை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினேன். காதை வைத்துக் கேட்டால் சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு சளசளப்பு. சத்தம் அடங்கியதும் வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி கேட்டு, மூன்றாம் தடவை சத்தமே இல்லை. அப்புறம் ஐந்தாறு முறை அலசினேன். முதலில் வந்தது மோர் நிறத்தில் இருந்தது.

இப்போது மழைநீர் மட்டும்தான். கூரைத் தண்ணீர் துணி வடிகட்டி வழியாக 200 லிட்டர் டிரம்முக்குப் போகிறது. சந்தேகம் வந்தால் ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குவேன். மழைநீரில் நுரை பாட்டில் கழுத்துவரை நிற்கும்; போர் தண்ணீரில் தயிர் மாதிரித் திரிந்து மிதக்கும்.

ஒருமுறை எஞ்சினை ஏற்காட்டுக்கு, நண்பரின் காபித் தோட்ட வீட்டுக்குக் கொண்டுபோனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மடியில் வைத்துக்கொண்டே. அங்கே 1,500 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பக்கத்தில் காபிக்கு வைத்த கெட்டிலில் அதைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு அருமையாக நுரைத்தது. இரண்டு கேன் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஓட்டி முடித்த பிறகு அரை மணி நேர வேலை உண்டு. அதை நான் ஒருநாளும் மறுநாளைக்குத் தள்ளிவைப்பதில்லை. கொஞ்சம் அழுத்தம் இருக்கும்போதே அடிவால்வைத் திறந்தால், தண்ணீர் கசடையும் வாரிக்கொண்டு வெளியேறும். மீதிச் சூட்டில் உள்ளே காய்ந்துவிடும். புகைக் குழாய்களுக்கு ஒரு கம்பி பிரஷ். சிலிண்டரில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நின்ற ஈரத்தில் பிஸ்டனின் வார்ப்பிரும்பு ரிங் ஒரே ராத்திரியில் துருவேறும். பிறகு லூப்ரிகேட்டர். கட்டைவிரல் அளவு பித்தளைக் குப்பி அது. ஆவிக் குழாயிலிருந்து ஒரு ஊசித்துளை அதற்குள் போகிறது. கொஞ்சம் ஆவி உள்ளே போய்த் தண்ணீராகும்; தண்ணீர் கனமாதலால் அடியில் இறங்கும்; அந்த அளவுக்கு எண்ணெய் மேலே எழும்பி, அதே துளை வழியாக ஆவியோடு சிலிண்டருக்குப் போகும். நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. முடிந்ததும் அடித்திருகைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும். எவ்வளவு தண்ணீர் வந்ததோ அவ்வளவு எண்ணெய் சிலிண்டருக்குப் போயிருக்கிறது என்று கணக்கு. ஊற்றுவது ஆவி எஞ்சினுக்கென்றே வரும் கெட்டி எண்ணெய். பைக்குக்கு ஊற்றும் எண்ணெய் இந்த ஈரச் சூட்டில் நிற்காது.

இந்த வைகாசிச் சோதனையில் முள் நிற்கவில்லை. 6 கிலோவில் வைத்துவிட்டு நோட்டை எடுப்பதற்குள் 5.5க்கு வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயின் கீழ்ப் பொருத்து உட்காரும் திருகு வளையத்தைச் சுற்றி கடுகளவு ஒரு முத்து. துடைத்தேன், மறுபடி வந்தது. தண்ணீரை வடித்துவிட்டுப் பொருத்தைக் கழற்றினேன். மரையோடு சேர்ந்து இளஞ்சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. நகத்தால் சுரண்டினால் வெல்லக்கட்டி மாதிரிப் பொடிந்தது.

அது கன்மெட்டல் என்று நம்பி வாங்கிய கம்பியில் கடைந்த வளையம். பித்தளையாக இருந்திருக்கிறது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும். சூடான தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்தால் துத்தநாகம் மெல்லக் கரைந்து போய்விடும். மிஞ்சுவது செம்பின் வெறும் பஞ்சு. வடிவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. கன்மெட்டலில் பெரும்பகுதி செம்பும் தகரமும், துத்தநாகம் கொஞ்சம்தான், அதனால் தாங்கும். கடையும்போது விழுந்த சுருளின் மஞ்சளை நான் கவனித்திருக்க வேண்டும். இந்தச் சோதனையைப் போன வருஷத்தோடு விட்டிருந்தால், இந்த வளையம் 3 கிலோவிலும் 143 டிகிரியிலும், என் முகத்துக்கு நேரே, ஒருநாள் விட்டிருக்கும்.

பெரியவருக்குப் போன் போட்டேன். மறுநாளே வந்துவிட்டார். பழைய வளையத்தை டிரில்லில் வைத்துக் குடைந்தெடுத்தோம். புதிதாக, இந்த முறை சுருளின் நிறம் பார்த்து, சிவந்த கன்மெட்டலில் கடைந்து பொருத்தினேன். பக்கத்து மூட்டுகள் இளகாமல் இருக்க அவர் காவிமண்ணைக் குழைத்து விரலால் பூசினார். "பழைய பற்று தெரியாத மாதிரி மூடிடு, அது தூங்கட்டும்" என்றார். இந்தத் தடவை கம்பியை எப்போது தொடுவது என்று அவர் சொல்லவில்லை. நானே தொட்டேன்.

நேற்று சாயங்காலம் மறுபடி நிரப்பி, குமிழ் போக்கி, 6 கிலோ ஏற்றினேன். மகள் போனில் இருபது நிமிஷம் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வளையத்தைச் சுற்றி டிஷ்யூ காகிதம் ஒன்றைச் சுற்றிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் மலைப்பக்கம் இடித்தது. பதினைந்தாவது நிமிஷம் கூரையில் மழை விழ ஆரம்பித்து, அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. விரலைக் காட்டி எண்ணினாள். இருபது. முள் 6இல் இருந்தது. காகிதத்தை உருவி அவளிடம் கொடுத்தேன்; இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, காய்ந்திருக்கிறது என்று தலையாட்டினாள். நோட்டில் தேதியும் அழுத்தமும் எழுதினேன். கீழே அவள் பெயரையும் எழுதச் சொன்னாள், எழுதினேன்.

"அப்பா, டிரம் குழாயைத் திருப்பிடட்டுமா? நல்லா கொட்டுது."

"இன்னும் பத்து நிமிஷம் போகட்டும் கண்ணு. கூரைத் தூசி எல்லாம் முதல்ல போயிடணும்."